கொங்கு நாட்டுப் பெயர்களும் உலகத்துப் பெயர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்த குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள், அப்பச்சி (அம்மாவின் அப்பா) பெயருக்குப் பொருள் கேட்கிற பேத்திகள், பாஸ்போர்ட் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் என்று பலர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரத்துப் பெயர்களில் தொடங்கி, அவற்றுக்கு உறவான பழக்கம் வேறு நாடுகளில் எங்கெல்லாம் இருக்கிறது என்றும் பார்க்கலாம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெயருக்கு அகராதியில் என்ன பொருள் என்பதைவிட, அது யாரிடமிருந்து, எந்த மலையிலிருந்து, எந்த வேண்டுதலிலிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பெரிது. பதில்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் சாயும்.

கொங்கில் எங்கே திரும்பினாலும் பழனிசாமி, சென்னியப்பன், மருதாசலம். ஏன் இத்தனை பேருக்கு ஒரே பெயர்?

மலைகள்தான் காரணம். கொங்கு நாட்டில் முருகன் ஏறி நிற்காத குன்று குறைவு. குழந்தை வேண்டி எந்த மலைக்கு நேர்ந்துகொண்டார்களோ அந்த மலையின் பெயரைக் குழந்தைக்கு வைத்தார்கள். பழனிக்கு நேர்ந்தால் பழனிசாமி, பழனியப்பன், பழனியம்மாள், பழனாத்தாள். சென்னிமலைக்கு நேர்ந்தால் சென்னியப்பன். சிலருக்குச் சென்னிமலை என்றே பெயர். மருதமலைக்காரருக்கு மருதாசலம், மருதாத்தாள். அசலம் என்றால் அசையாதது, அதாவது மலை. அருணாசலம், வெங்கடாசலம் எல்லாம் அதே வார்ப்புதான். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் வீட்டில் வெள்ளிங்கிரி இருப்பார். திருச்செங்கோட்டு மலைக்குக் கீழே செங்கோட்டையன், செங்கோட்டுவேல், அர்த்தநாரி என்று கூப்பிடும் குரல் கேட்கும். அர்த்தநாரி என்பது பாதி பெண்ணான சிவனின் பெயர். அதை ஆண்பிள்ளைக்கு வைத்துக் கூச்சமில்லாமல் கூப்பிட்ட ஊர் அது. எனக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

அதனால் பெயரைக் கேட்டே ஆள் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மருதாசலம் என்றால் பெரும்பாலும் கோவை. அர்த்தநாரி என்றால் திருச்செங்கோடு, சங்ககிரி, சேலம். வீரகுமார் என்றால் வெள்ளகோவில் வீரகுமாரசாமியைக் கும்பிடுகிற குடும்பமாக இருக்கலாம். மாசாணி என்றால் ஆனைமலை, பண்ணாரி என்றால் சத்தியமங்கலம், நாட்ராயன் என்றால் காங்கயத்துப் பக்கம். மகுடேசுவரன் கொடுமுடியில் இருந்தும், சங்கமேசுவரன் பவானியில் இருந்தும், அவிநாசியப்பனும் அவிநாசிலிங்கமும் சுந்தரர் பாடிய அவிநாசியில் இருந்தும் வந்த பெயர்கள். அங்காளம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட வீட்டில் அங்காத்தாளும் அங்கமுத்துவும் தலைமுறைக்கு ஒருவராவது இருப்பார்கள்.

வரலாற்றில் நாம் அறிந்த இருவரின் பெயரும் இப்படித்தான். 1904-இல் சென்னிமலையில் பிறந்த பிள்ளைக்கு மலை மேல் இருந்த முருகனின் பெயரையே குமாரசாமி என்று வைத்தார்கள். 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியை விடாமல் அடிபட்டு இறந்த பிறகு அவர் திருப்பூர் குமரன் ஆனார். 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்குப் பெற்றோர் வைத்த பெயர் தீர்த்தகிரி. மைசூருக்குப் போன வரிப்பணத்தை மடக்கி வாங்கிக்கொண்டு, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை இருக்கிறான், அவன் பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்' என்று அவர் அனுப்பியதாக ஊரில் கதை சொல்வார்கள். பிறந்த பெயரிலும் மலை, தானே சூடிய பெயரிலும் மலை.

சாமி, அப்பன், அண்ணன், ஆத்தாள், ஆயி என்றே ஏன் முடிகின்றன?

தெய்வத்தை உறவுமுறை வைத்துக் கூப்பிடுவது நம் வழக்கம். காளியாத்தாள், மாரியாத்தாள் என்று அம்மனையே ஆத்தாள் ஆக்கிக்கொண்ட ஊரில், பிள்ளைக்கு ராமாத்தாள், பாவாத்தாள், வள்ளியாத்தாள் என்று வைப்பது இயல்பு. ஈரோடு, நாமக்கல் பக்கம் பாவாயி, நல்லாயி, செல்லாயி அதிகம். ஆண்களுக்குக் கருப்பண்ணன், பெரியண்ணன், சின்னண்ணன். கொங்கு நாட்டு நாட்டுப்புறக் கதையான அண்ணன்மார் கதையின் நாயகர்கள் பொன்னர், சங்கரைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று சொல்வதும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம். அவர்களுடைய தங்கை அருக்காணி.

அருக்காணி என்றால் அருமையானது, கிடைத்தற்கரியது. இவ்வளவு அழகான பெயரைச் சினிமா நகைச்சுவை பட்டிக்காட்டுப் பெண்ணுக்கான கேலிச்சொல்லாக மாற்றிவிட்டது. அந்தப் பெயர் கொண்ட பாட்டிகள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பேத்திகளாவது அவர்களிடம் பெயரின் பொருளைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது என் ஆசை.

பெயருக்குள் சாமியை வைப்பது நம்மோடு நிற்கவில்லை. எபிரேய மொழியில் ஏல் என்றால் கடவுள். தானியேல், சாமுவேல், மிக்கேல், கபிரியேல் எல்லாம் அந்த ஏலில் முடிகின்றன. தானியேல் என்பதற்கு 'கடவுளே என் நீதிபதி' என்றும், மிக்கேல் என்பதற்கு 'கடவுளுக்கு நிகர் யார்' என்றும் பொருள். எத்தியோப்பியாவில் கெப்ரெசிலாசி என்று ஒரு பெயர். மூவொரு கடவுளின் அடியான் என்று அர்த்தம். ஓட்டப்பந்தய வீரர் ஹைலே கெப்ரெசிலாசியால் அது உலகத்துக்கே தெரிந்தது.

நஞ்சப்பன், சிக்கண்ணன், ரங்கசாமி எல்லாம் தமிழ்ப் பெயர்களா?

மூன்றும் கொங்குப் பெயர்கள்தான், ஆனால் வந்த வழி வேறு. நஞ்சன்கூடு மைசூருக்குத் தெற்கே உள்ள சிவன் ஊர். அங்கே இருப்பவர் நஞ்சுண்டேசுவரர். அவரிடமிருந்து நஞ்சப்பன், நஞ்சம்மாள், நஞ்சுண்டன் வந்தன. 1799-இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும் வரை கொங்கின் பெரும்பகுதி மைசூர் ஆட்சியில் இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் கணவாய் வழியாக மாடும் நெசவும் வியாபாரமும் போய்வந்துகொண்டே இருந்தன. கன்னடத்தில் சிக்க என்றால் சின்ன, தொட்ட என்றால் பெரிய. அப்படியானால் சிக்கண்ணனும் நம் சின்னண்ணனும் ஒன்றே.

ரங்கசாமி, ரங்கம்மாள், ரங்கநாயகி என்ற பெயர்களுக்குக் காரமடை அரங்கநாதர் பக்கத்திலேயே இருக்கிறார். தெலுங்கு பேசும் குடும்பங்கள் வழியாகவும் கோவைப் பக்கம் வெங்கடசாமிகளும் நாராயணசாமிகளும் பெருகினார்கள்.

என் ஆத்தா பெயர் குப்பாயி. குப்பை என்றா பெயர் வைத்தார்கள்? கேட்கவே சங்கடமாக இருக்கிறது.

சங்கடப்படாதீர்கள். நம்மிடம் உள்ள பெயர்களிலேயே மிகுந்த பாசத்தோடு வைக்கப்பட்ட பெயர் அது.

முன்பு ஒரு வீட்டில் இரண்டு மூன்று குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோவது சாதாரணமாக நடந்தது. அம்மை, பேதி, காய்ச்சல். தடுப்பூசியும் கிடையாது, பக்கத்தில் ஆஸ்பத்திரியும் கிடையாது. அடுத்துப் பிறக்கும் குழந்தையைக் காப்பாற்றப் பெற்றவளுக்குத் தெரிந்த வழி, குழந்தையை எமன் கண்ணில் படாமல் ஒளிப்பது. பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்துவார்கள் அல்லது புரட்டி எடுப்பார்கள். பிறகு வேறொருத்தி எடுத்துக் கையில் கொடுப்பாள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, எடுத்துக்கொண்டு போக இதில் ஒன்றுமில்லை என்று சாவுக்குச் சொல்லும் பொய் அது. அப்படி வந்தவர்கள்தான் குப்பன், குப்பண்ணன், குப்பாயி, குப்பம்மாள், குப்புசாமி. தவிட்டைக் கொடுத்துவிட்டுக் குழந்தையை 'விலைக்கு வாங்கும்' சடங்கும் இருந்தது. பிச்சை, பிச்சைமுத்து என்ற பெயர்களும் அதே அச்சத்தில் பிறந்தவை. பிச்சை எடுத்து வந்த பிள்ளையைச் சாமி எடுத்துக்கொள்ளாது என்ற நம்பிக்கை.

உலகம் முழுக்கத் தாய்மார்கள் இதையேதான் செய்திருக்கிறார்கள். நைஜீரியாவின் ஹவுசா மக்களிடம் அஜூஜி என்று ஒரு பெயர். அதற்கும் குப்பைமேடு என்றுதான் பொருள், அதையும் உடன்பிறந்தோர் இறந்த பிறகு பிறந்த குழந்தைக்கே வைத்தார்கள். சீனக் கிராமங்களில் கோவ்ஷெங் என்றால் நாய் தின்று மிச்சம் வைத்தது. துருக்கியில் துர்சுன் என்றால் 'இருக்கட்டும், நிலைக்கட்டும்'. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் உடம்பு சரியில்லாத குழந்தைக்கு ஆல்ட்டர், அதாவது கிழவன், என்று பெயர் சூட்டினார்கள். மரண தூதன் குழந்தையைத் தேடி வந்தால் கிழவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகட்டும் என்பதற்காக. ஒருவரையொருவர் பார்த்தே இராத ஊர்களின் தாய்மார்கள் ஒரே தந்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உங்கள் ஆத்தாவுக்கு முன்னால் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்கான பதில் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

மாரிமுத்து, முத்துமாரி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மைக் கொப்புளத்தை முத்து என்பார்கள். மாரியம்மன் முத்து வாரி இறைத்த பிறகும் பிழைத்தது, அவள் காத்தது என்ற நன்றி அந்தப் பெயர்களில் பலவற்றில் இருக்கிறது. பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவித்தார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

'போதும்பொண்ணு' என்ற பெயரும் அப்படி அன்பில் வந்ததா?

இல்லை. அதை நியாயப்படுத்த நான் தயாரில்லை. அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீட்டில், இனி பெண் வேண்டாம் என்று சாமிக்குச் சொல்ல அந்தக் குழந்தையின் தலையில் எழுதிய பெயர் அது. துருக்கியில் யெத்தர் என்றால் 'போதும்'. அங்கேயும் பெண்களுக்குத்தான் வைத்தார்கள். மகாராஷ்டிரத்தில் நகுசா, அதாவது வேண்டாதவள். 2011-இல் சாத்தாரா மாவட்ட நிர்வாகம் அந்தப் பெயர் கொண்ட 285 பெண்களுக்கு விழா எடுத்து, அவர்கள் விரும்பிய புதுப் பெயரைச் சூட்டியது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படிப் பெயர் இருந்து, அதை மாற்ற அவர் ஆசைப்பட்டால், அரசிதழில் மாற்ற உதவுங்கள். வயது ஒரு தடையே இல்லை.

முதல் பையனுக்கு அப்பாரு பெயரைத்தான் வைக்க வேண்டுமா?

கட்டாயம் எதுவுமில்லை, வழக்கம் உண்டு. மூத்த மகனுக்கு அப்பனின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அப்பனின் அம்மா பெயர், அடுத்தவர்களுக்கு அம்மாவின் பெற்றோரான அப்பச்சி, அம்மிச்சி பெயர் என்று பல குடும்பங்களில் வரிசை வைத்திருந்தார்கள். கிரேக்கர்களிடமும் கிட்டத்தட்ட இதே வரிசை இருக்கிறது. யூதர்களில் ஒரு பிரிவினர் உயிரோடு இருக்கும் பெரியவரின் பெயரைக் குழந்தைக்கு வைக்கவே மாட்டார்கள். இன்னொரு பிரிவினர் உயிரோடு இருக்கும்போதே வைப்பதைத்தான் மரியாதை என்பார்கள்.

நம் பக்கம் இதில் ஒரு சிக்கல் இருந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அப்படியிருக்கப் பெற்ற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவாள்? சாமி, கண்ணு, ராசா, தங்கம், பாப்பு என்று கூப்பிட்டே காலத்தை ஓட்டினார்கள். கொங்கில் ஐம்பது வயது ஆளையும் வீட்டில் கண்ணு என்று கூப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடம் இதைவிடக் கடுமையான விதி உண்டு. மாமனார் பெயரில் வரும் ஓசையுள்ள வேறு சொற்களைக்கூட மருமகள் தவிர்க்க வேண்டும். அதற்கென்றே பெண்கள் மாற்றுச் சொற்களை உருவாக்கிக்கொண்டார்கள்.

பழைய பெயரை அப்படியே வைக்கப் பிடிக்கவில்லை என்றால் ஒரு துண்டையாவது எடுத்துக்கொள்ளுங்கள். நாச்சிமுத்துவின் பேத்திக்கு முத்து சேர்ந்த பெயர், சென்னியப்பனின் பேரனுக்குச் சென்னி என்றே. சென்னி சோழரின் பட்டப்பெயராகவும் இருந்தது. இன்றைய காதுக்கும் நன்றாகவே இருக்கிறது.

நமக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை? உலகத்தில் எல்லோருக்கும் இருக்கிறதே?

எல்லோருக்கும் இல்லை. ஐஸ்லாந்தில் யோன் என்பவரின் மகனுக்கு யோன்சன், மகளுக்கு யோன்ஸ்தோத்திர். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். அங்கே தொலைபேசிப் புத்தகத்தையே சொந்தப் பெயரின் அகர வரிசையில் அச்சிட்டார்கள். மியான்மரில் குடும்பப் பெயர் கிடையாது. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட் பெயரில் 'ஊ' என்பது நம் 'திரு' மாதிரி ஒரு மரியாதைச் சொல். இந்தோனேசியாவின் சுகர்ணோவுக்கும் சுகார்த்தோவுக்கும் ஒற்றைப் பெயர்தான்.

இன்று குடும்பப் பெயர் வைத்திருக்கிற நாடுகள் பலவற்றில் அதைச் சட்டம் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். ஜப்பானில் சாதாரண மக்களும் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்றது 1875-இல். துருக்கியில் 1934-இல் சட்டம் வந்தது. முஸ்தபா கெமாலுக்கு அத்தாத்துர்க், அதாவது துருக்கியரின் தந்தை, என்ற பெயர் கிடைத்தது அப்போதுதான். ஜப்பானியர் பலர் இருந்த இடத்தையே பெயராக்கிக்கொண்டார்கள். தனகா என்றால் வயலின் நடு, யமமோத்தோ என்றால் மலையடிவாரம். நார்வேயில் பண்ணையின் பெயரே குடும்பப் பெயரானது. இதைப் படிக்கும்போது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. பள்ளக்காட்டுக்காரர், மேக்காலத் தோட்டத்துக்காரர், கிணத்துக்காட்டார் என்று தோட்டத்தை வைத்துத்தானே இன்றும் ஆளைச் சொல்கிறோம்? இங்கேயும் ஒரு சட்டம் வந்திருந்தால் பாதிக் கொங்கு 'பள்ளக்காடு' என்று கையெழுத்துப் போட்டிருக்கும்.

நம்மிடம் இருப்பது முன்னெழுத்து. ஊர், தகப்பன் பெயர், சொந்தப் பெயர். இந்த வரிசை வெள்ளைக்காரன் கொடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றை எழுத்தாகச் சுருக்கியது வேண்டுமானால் புதிது. வரிசை மிகப் பழையது. கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலைக் குகையில் கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டை ஒட்டிய தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஒன்றில் துறவிகளுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர் 'கருவூர் பொன் வாணிகன் நத்தி'. ஊர், தொழில், பெயர். இன்னொன்றில் படுக்கை பெற்ற சமணத் துறவி 'யாற்றூர் செங்காயபன்'. அதைக் கொடுத்த சேர இளவரசனோ பாட்டன், தகப்பன், தன் பெயர் என்று மூன்று தலைமுறையையும் வரிசையாகச் சொல்கிறான்.

கொங்கின் பெரிய மனிதர்களையே பாருங்கள். ஈ.வெ. ராமசாமியில் ஈ ஈரோடு, வெ தந்தை வெங்கட்டர். டி.எஸ். அவிநாசிலிங்கத்தின் டி திருப்பூர், எஸ் சுப்பிரமணியம். பொள்ளாச்சி நா. மகாலிங்கத்தின் நா, நாச்சிமுத்து. கே.பி. சுந்தராம்பாளின் கே கொடுமுடி, பி அவர் அம்மா பாலாம்பாள். தாயின் பெயரை முன்னெழுத்தாக வைக்கலாமா என்று இப்போது சிலர் தயங்கிக் கேட்கிறார்கள். 1908-இல் பிறந்த ஒரு கொங்குப் பெண் அதைத் தலை நிமிர்ந்து வைத்திருந்தார். தமிழ்நாடே அந்த முன்னெழுத்தோடுதான் அவரைக் கூப்பிட்டது.

கூட்டத்தின் பெயரைக் குடும்பப் பெயராகப் போடலாமா?

கொங்கில் பல சமூகங்களில் கூட்டம் அல்லது குலம் என்ற பிரிவு உண்டு. காடை, ஆந்தை, தூரன், செம்பன் என்பவை சில. கல்யாணப் பேச்சு எடுக்கும்போது முதலில் கேட்பது இதைத்தான். ஒரே கூட்டத்தார் பங்காளிகள், பெண் கொடுத்து எடுப்பதில்லை. கொரியாவிலும் இப்படித்தான் இருந்தது. அங்கே ஐந்தில் ஒருவர் கிம். ஆனால் எந்த ஊர் வழிவந்த கிம் என்பதுதான் கேள்வி. ஒரே வழிவந்த கிம்கள் மணக்கச் சட்டமே தடை விதித்திருந்தது. 1997-இல் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

கூட்டப் பெயரை உலகறிய வைத்துக்கொண்டவர் பெரியசாமித் தூரன். 1908-இல் மொடக்குறிச்சி அருகே பிறந்து, தமிழின் முதல் கலைக்களஞ்சியத்துக்கு ஆசிரியராக இருந்தவர்.

நீங்கள் போடுவதா வேண்டாமா என்று கேட்டால், என் பதில் வேண்டாம் என்பதே. கூட்டப் பெயரைச் சொன்னதும் சாதி தெரிந்துவிடும். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். ஈரோட்டுக்காரரான பெரியார் அதற்கு முன்பே, 1927-இல், தன் பட்டத்தைக் கைவிட்டிருந்தார். வடக்கே போனால் பெயரோடு சாதியும் சேர்ந்தே வருகிறது. இங்கே ஒரு பழனிசாமியின் சாதியைப் பெயரை மட்டும் வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. அந்த நல்ல நிலைமையை நாமாக விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது?

முன்னெழுத்தை விரித்து எழுத வேண்டும். ஒற்றை எழுத்தாகப் போட முடியாது. பெரும்பாலோர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும் தன் பெயரை மற்றதிலும் எழுதுகிறார்கள். அதுதான் வசதி. காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் 'சொந்தப் பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று எழுத்து உங்கள் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று சொல்லி, பிறகு இரண்டாம் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வதாகத் தளர்த்தியது. பனியன் ஆர்டருக்காகத் துபாய் போய்வரும் திருப்பூர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கணவன், மனைவி, குழந்தை மூவருக்கும் மூன்று வேறு குடும்பப் பெயர் வரும். வெளிநாட்டு விமான நிலையத்தில் கேட்டால், தகப்பன் பெயர் என்று சொல்லுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது.

கருமத்தம்பட்டிப் பக்கம் சின்னப்பன், அருளப்பன், சூசை என்கிறார்கள். இவை கிறிஸ்தவப் பெயர்களா, தமிழ்ப் பெயர்களா?

இரண்டும்தான். பவுல் என்ற லத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள். பழைய கத்தோலிக்கர்கள் அதைச் சின்னப்பர் ஆக்கினார்கள். யோவானுக்கு 'கடவுள் அருளினார்' என்று பொருள், ஆகவே அருளப்பர். அதே யோவான்தான் ஆங்கிலத்தில் ஜான், ரஷ்யாவில் இவான், ஸ்பெயினில் ஹுவான், இத்தாலியில் ஜொவான்னி. சூசை என்பது ஜோசப். ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவிடமிருந்து வந்தவை. பழனிசாமி வந்த வழியும் இந்த வழியும் வேறு வேறல்ல.

முஸ்லிம் வீடுகளில் அந்த ஜோசப் யூசுஃப், ஆபிரகாம் இப்ராஹிம், மோசே மூசா, தாவீது தாவூத், மரியாள் மரியம். அப்து என்றால் அடியார். அப்துல்லா, அப்துல் ரஹ்மான் என்பவை இறைவனின் அடியார் என்றே சொல்கின்றன. பள்ளப்பட்டி யூசுஃபும் கருமத்தம்பட்டி சூசையும் ஒரே பெயர்க்காரர்கள்.

பிறந்த கிழமையை வைத்துப் பெயர் வைப்பது எங்கே?

கானாவின் அக்கான் மக்களிடம். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை என்றால் குவாமே. கோஃபி அன்னான் பெயரில் கோஃபி வெள்ளி. அன்னான் என்பது நாலாவது பிள்ளை. பாலித் தீவில் பிறந்த வரிசையே பெயர்: வாயன், மாதே, ஞோமன், கெதுத். ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வாயன். நம்மிடம் பெரியசாமி, சின்னசாமி உண்டு, அதோடு சரி.

நட்சத்திர எழுத்து, எண் கணிதம் பார்த்துத்தான் வைக்க வேண்டுமா?

நம்பிக்கை உள்ளவர்களைத் தடுக்க மாட்டேன். விவரம் மட்டும் சொல்கிறேன். இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் பாதத்துக்கு ஓர் எழுத்து என்று வடமொழி ஒலிகளை வைத்துப் போட்ட கணக்கு அது. அசுவினிக்குச் சு, சே, சோ, ல. திருவாதிரைக்கு வரும் நான்கில் ஒன்று ங. அதில் தொடங்கித் தமிழில் என்ன பெயர் வைப்பது? நம் பாட்டன் பாட்டிகள் பெயரைப் பார்த்தால் இந்தக் கணக்குக்குள் அடங்காதவையே அதிகம். மலையையும் குலதெய்வத்தையும் முன்னோரையும் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். எழுத்து வேண்டும் என்றால் ஜாதகத்துக்கு ஒரு பெயர், கூப்பிட ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

எண் கணிதத்துக்காக ஆங்கில எழுத்தைக் கூட்டிக் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று என்று ஆகி, பிள்ளை பெரியவனானதும் அலைகிற அலைச்சல் கொஞ்சமல்ல.

இணையத்தில் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பொருளை நம்பலாமா?

பாதியை நம்ப முடியாது. எந்தப் பெயரைத் தட்டினாலும் 'இளவரசி', 'ஒளி', 'கடவுளின் பரிசு' என்றே வரும். ஒரே ஓசை இரண்டு மொழியில் இரண்டு பெயராக இருப்பதை இந்தப் பட்டியல்கள் பிரித்துச் சொல்வதில்லை. ரியான் ஐரிஷ்காரர்களின் குடும்பப் பெயர். ரய்யான் அரபியில் நோன்பாளிகளுக்கான சொர்க்க வாசல். தன்யா வடமொழியில் பேறு பெற்றவள்; தான்யா ரஷ்யாவில் தத்தியானாவின் செல்லப் பெயர்.

தமிழ்ப் பெயர் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் பாருங்கள். இணையத்திலேயே இலவசமாகத் தேடலாம். அதிலும் இல்லை, வடமொழி அகராதியிலும் இல்லை என்றால், யாரோ ஓசைக்காக ஒட்டவைத்த பெயர் என்று புரிந்துகொள்ளலாம். ஓசை பிடித்திருந்தால் வையுங்கள், அதற்கொரு பொருளைக் கட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்ப் பெயராக இருக்க வேண்டும், கொங்கோடு தொடர்பு வேண்டும், பள்ளியில் கேலி செய்யவும் கூடாது. என்ன வைக்கலாம்?

சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே தோண்டி எடுத்த பானை ஓடுகளில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஆட்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். ஆதன், சாத்தன், கண்ணன். மன்னர்கள் அல்ல, மணி கோத்தவர்கள், இரும்பு உருக்கியவர்கள், வியாபாரிகள். ஆதன் என்ற பெயர் இன்றைய வகுப்பறையில் எந்தப் பெயருக்கும் சளைத்ததா?

பொதினி என்ற பழனி மலைப்பக்கத்து ஆவியர் தலைவன் பேகன், கொல்லிமலை ஓரி, முதிரமலைக் குமணன் எல்லாம் கொடைக்குப் பேர்போனவர்கள். பெண் குழந்தைக்குத் தாமரை. அது அண்ணன்மாரின் தாய் பெயரும்கூட. பொன்னி, வள்ளி, கயல், பவானி, அமராவதி எல்லாம் இருக்கின்றன. ஆற்றின் பெயர் வைத்தால் பிள்ளையை ஒருமுறையாவது அந்த ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க எவ்வளவு காலம் இருக்கிறது?

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். அப்போது பெயர் இல்லாமல் பதிந்தாலும் பாதகமில்லை. 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆகவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து அவசர அவசரமாகப் பெயர் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஊருக்குப் போய் அம்மிச்சியிடமும் ஆத்தாவிடமும் குடும்பத்தில் யார் யார் என்ன பெயரில் இருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள நேரம் இருக்கிறது. சேர்க்கும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கூட்டைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் தப்பாக ஏறிவிடும். பழனிக்கு ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். அப்பாவின் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே குழந்தையின் சான்றிதழிலும் போடச் சொல்லுங்கள்.